மீடியம் வேவில் ஆகாசவாணி: இரைச்சல் இல்லாமல் கேட்க என்னென்ன செய்யலாம்? நான்கு ஊர்களிலிருந்து சில யோசனைகள்

தஞ்சாவூர்:
திருச்சி நிலையத்தின் 936 கிலோ ஹெர்ட்ஸில் கரகரப்புதான் வருகிறது என்றால் முதலில் வீட்டைச் சந்தேகப்படுங்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, பேட்டரியில் கேளுங்கள். கரகரப்பு அடங்கினால் நிலையத்தின் மேல் குற்றமில்லை. பிறகு மின்பலகையிலுள்ள எம்.சி.பி. சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் போட்டு வந்தால் காரணம் அகப்பட்டுவிடும். பெரும்பாலும் மலிவான எல்.இ.டி. பல்பு, போன் சார்ஜர், இன்வெர்ட்டர். ரேடியோவுக்கே அடாப்டர் போட்டிருந்தால் அதுவும்தான்.

அடுத்தது திசை. மீடியம் வேவுக்கு ஆன்டெனா, பெட்டிக்குள் இருக்கும் ஃபெரைட் ராடு, அதாவது கம்பி சுற்றிய கரிய காந்தக் குச்சி. வெளியே இழுக்கும் கம்பி எஃப்.எம்.முக்கும் ஷார்ட் வேவுக்கும்தான். அதை எவ்வளவு நீட்டியும் பயனில்லை. ராடின் முனை நிலையத்தைப் பார்த்தால் ஒலி விழுந்துவிடும். தஞ்சைக்குத் திருச்சி மேற்கே இருக்கிறது, ஆகவே ராடு வடக்கு தெற்காக இருக்க வேண்டும்.

விருதுநகர்:
டிஜிட்டல் டியூனிங் பெட்டி வாங்கியவர்கள் இதையும் பாருங்கள். நம் நாட்டில் மீடியம் வேவ் 9 கிலோ ஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்தது. பெட்டி அமெரிக்க முறைப்படி 10-ல் இருந்தால் சென்னை 720 மட்டும் சரியாக விழும், ஏனென்றால் 720 ஒன்பதாலும் பத்தாலும் வகுபடும். மதுரை 1269-க்கு 1270 ஓரளவு ஒப்பேறும். திருநெல்வேலி 1197, தூத்துக்குடி 1053 இரண்டும் 3 கிலோ ஹெர்ட்ஸ் தள்ளிப்போய், குரல் கம்மிக் கேட்கும். பலர் இதை நிலையத்தின் பழுது என்றே நினைத்துவிடுகிறார்கள். 9/10 மாற்றும் வழி கையேட்டில் இருக்கும். மாற்றியபின் நினைவில் வைத்த நிலையங்களைப் புதிதாகப் பதிய வேண்டும்.

நாகப்பட்டினம்:
நிலையம் தூரமென்றால் லூப், அதாவது சட்டத்தில் கம்பி சுற்றிய ஆன்டெனா, கட்டுங்கள். 45 செ.மீ. பக்கமுள்ள சதுர மரச்சட்டம், 5 மி.மீ. இடைவெளியில் 18 சுற்று இன்சுலேஷன் கம்பி, இரு முனைகளுக்கும் குறுக்கே பழைய ரேடியோவில் நிலையம் மாற்றத் திருப்பும் 365 பி.எஃப். (பிகோ ஃபாரட்) கேங் கண்டன்சர். ரேடியோவோடு ஒயர் இணைப்பே வேண்டாம். ராடு சட்டத்தின் சுற்றுகளுக்குக் குறுக்காக இருக்கும்படி பெட்டியை அருகில் வைத்து, ஒலி எழும்பும் வரை கேங்கைத் திருப்பினால் போதும். 1269 எட்டவில்லையென்றால் ஒன்றிரண்டு சுற்றைக் குறையுங்கள். கம்பிகளை ஒட்டி நெருக்கமாகச் சுற்றுவதுதான் வழக்கமான தவறு. அதில் மேல் அலைவரிசைகள் கைக்கு வராது.

இரவில் இன்னொரு நிலையம் கலந்து ஏறி இறங்கினால் பெட்டியை நோகாதீர்கள். பகலில் அலையை உறிஞ்சும் வான்படலம் இருட்டியதும் கலைந்து, தொலைதூர நிலையங்களும் வந்துவிடுகின்றன. லூப்பை மெல்லத் திருப்பி, வேண்டாத நிலையம் மங்கும் கோணத்தில் நிறுத்துங்கள்.

கும்பகோணம்:
பேட்டரிப் பெட்டி ஒன்று வீட்டில் இருந்தே ஆக வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டாவில் மின்சாரமும் செல்போன் கோபுரங்களும் போய்விட்டன. செயலியில் கேட்பவர்களுக்கு அப்போது எதுவுமில்லை. ஆடுதுறை 27-ஐ ‘ரேடியோ நெல்’ என்று சொன்ன மண் இது, ‘வயலும் வீடும்’ கேட்டு விதைத்த ஊர்கள். பயன்படுத்தாத மாதங்களில் செல்லைக் கழற்றி வையுங்கள். கசிந்தால் ஸ்பிரிங் பச்சை பூத்துவிடும். உப்புத்தாளால் தேய்த்தால் பெரும்பாலும் மீண்டும் பேசும்.