தினமும் 15 நிமிசக் கூட்டம்: டீமுக்குக் கைகொடுக்குதா, கழுத்தைப் பிடிக்குதா?

வாவிக்கரையான்

எல்லாருக்கும் வணக்கம். கல்லடியில எட்டுப் பேர் வேலை செய்யிற ஒரு சின்ன சொஃப்ட்வெயார் டீமுக்கு நான் லீட். இங்கிலாந்தில இருக்கிற ஒரு கிளையன்டுக்கு மருந்துக் களஞ்சியக் கணக்கு மென்பொருள் செய்யிறம். ஏழு மாசத்துக்கு முன்னம் ஸ்கிரமுக்கு, அதாவது வேலையைச் சின்னத் தவணைகளாப் பிரிச்சுச் செய்யிற முறைக்கு, மாறினம். ரெண்டு கிழமைக்கு ஒரு ஸ்பிரிண்ட் (ஒரு தவணை வேலை), காலம ஒம்பது மணிக்கு ஸ்டாண்ட்அப் எண்ட சின்னக் கூட்டம், ரெண்டாம் வெள்ளி பகல் பன்னிரண்டரைக்கு செய்ததைக் காட்டுற டெமோ, மறுகா என்ன சரி என்ன பிழை எண்டு கதைக்கிற ரெட்ரோ. ஒண்டையும் விடாமச் செய்யிறம்.

ஆனா கடைசி ஆறு ஸ்பிரிண்டில நாலு முடியாமத்தான் போச்சு. பிள்ளைகள் களைச்சுப் போயிற்றுகள். ரெட்ரோவில கேட்டா "எல்லாம் ஓகே" எண்டுதான் சொல்லுதுகள். போன கிழமை, நல்லா வேலை தெரிஞ்ச ஒரு தங்கச்சி கொழும்புக்குப் போகப் போறன் எண்டு கடிதம் தந்திட்டா. முறை பிழையா, நாங்க செய்யிற விதம் பிழையா? விடுறதா, திருத்துறதா? அனுபவப்பட்ட ஆக்கள் சொல்லுங்க.

ஒலுவில்காரன்

விடுங்க தம்பி. நான் பன்னிரண்டு வருசமா கோட் எழுதுறன், மூணு இடத்தில ஸ்கிரம் பாத்தாச்சு. மூணிலயும் காலமக் கூட்டம் எண்டது பள்ளிக்கூடத்தில இடாப்புக் கூப்பிடுற மாதிரித்தான் இரிந்திச்சு. நேத்து என்ன செஞ்ச, இண்டைக்கு என்ன செய்வ, தடை என்ன. ஆளுக்காள் கணக்கு ஒப்புவிச்சிட்டுப் போறது.

2001 பெப்ரவரியில அமெரிக்காவில யூட்டா மலையில 17 பேர் கூடி அஜைல் பிரகடனத்தை எழுதினாங்க. அஜைல் எண்டது ஸ்கிரம் மாதிரி முறைகளுக்கெல்லாம் பொதுப்பேர். அவங்கள்ல ஒருத்தர் டேவ் தோமஸ். 2014இல அஜைல் செத்துப் போச்சு எண்டு அவரே எழுதினார். இன்னொருத்தர் ரொன் ஜெஃப்ரிஸ். 2018இல, பேருக்கு நடக்கிற அஜைலை டெவலப்பர்மார் கைவிடணும் எண்டு எழுதினார். பெத்தவங்களே இப்பிடிச் சொல்லக்குள்ள நாம ஏன் தூக்கிச் சுமக்கணும்?

ஸ்பிரிண்டை விட்டுட்டு கன்பானுக்கு வாங்க. வேலையெல்லாத்தையும் நிரல் நிரலாக் காட்டுற ஒரு போர்ட், ஒரே நேரத்தில திறந்து வைக்கிற வேலைக்கு ஒரு வரம்பு, அவ்வளவுதான். 1961இல ஜோன் லிட்டில் நிறுவின கணக்கு ஒண்டு இரிக்கி: கையில திறந்து கிடக்கிற வேலையை, ஒரு கிழமையில முடியிற வேலையால வகுத்தா, ஒரு வேலை உள்ள வந்து வெளிய போக எத்தனை கிழமை எடுக்கும் எண்ட சராசரி வரும். 20 திறந்து கிடந்து கிழமைக்கு 5 முடிஞ்சா, ஒவ்வொண்டுக்கும் நாலு கிழமை. நீங்க எவ்வளவு கூட்டம் வெச்சாலும் அந்த நாலு குறையாது. திறக்கிறதைக் குறைச்சாத்தான் குறையும்.

சோதனைக்காரி

ஒலுவில் நானா சொல்லுற கணக்கு சரி. ஆனா கூட்டத்தைத் தூக்கிப் போட்டா எல்லாம் சரியாகும் எண்டதை நான் ஒத்துக்கொள்ள மாட்டன். கல்முனையில இருந்து டெஸ்டிங் வேலை செய்யிறன், ஒம்பது வருசம். நான் கண்ணால கண்டதைச் சொல்லுறன்.

முந்தி நான் இருந்த டீமில ஒரு தம்பி நாலு நாளா "90 வீதம் முடிஞ்சுது சேர்" எண்டு சொல்லிக்கொண்டு இருந்தான். ஒருத்தரும் ஒண்டும் கேக்கல்ல. அஞ்சாம் நாள் நான் கதிரையை இழுத்துப் போட்டு அவன்ட பக்கத்தில இருந்து, "எனக்கு ஒருக்கா ஓட்டிக் காட்டு ராசா" எண்டன். ஸ்கிரீனில சிவப்பு எழுத்தில ஒரே ஒரு வரி: உள்நுழைய அனுமதி இல்ல. கிளையன்டுட சேர்வருக்குப் பாஸ்வேர்ட் வரல்ல. ஒரு மெயில் போட்டிட்டு, திரும்பக் கேட்டா என்ன நினைப்பாங்களோ எண்டு பயந்து நாலு நாள் காத்திருந்திருக்கிறான். லீட் ஒரு கோல் எடுத்தார், இருபது நிமிசத்தில பாஸ்வேர்ட் வந்திச்சு.

அந்த நாலு நாளும் காலமக் கூட்டம் நடந்ததுதான். எல்லாரும் லீட்ட முகத்தைப் பாத்துக் கதைச்சம், வேலையப் பாத்துக் கதைக்கல்ல. அதுக்குப் பிறகு நாங்க மாத்தினது ஒண்டே ஒண்டு. ஆளைக் கேக்கிறதை விட்டிட்டம். போர்டில ஒவ்வொரு வேலைக்கும் ஒரு டிக்கட் இருக்கும். முடியக் கிட்டத்தில இருக்கிற டிக்கட்டில இருந்து தொடங்கி, "இது இண்டைக்கு முடிய என்ன வேணும்?" எண்டு ஒவ்வொண்டாக் கேட்டம். லீட் அண்ணனைக் கதிரையில பின்னால இருக்கச் சொன்னம்.

நானா சொன்ன அந்த மூணு கேள்வி ஸ்கிரம் வழிகாட்டியில இப்ப இல்லவே இல்ல. 2020இல எடுத்திட்டாங்க. வேலை எவ்வளவு பெரிசு எண்டு மதிப்பிடப் போடுற ஸ்டோரி பொயின்ட் எண்ட சொல்லும் அதில இல்ல, நிண்டுகொண்டு கதைக்கணும் எண்டும் இல்ல. மொத்தம் 13 பக்கம்தான். முதல்ல வாசிச்சுப் பாருங்க.

மணல்மேடு

இரு தரப்பும் ஒரு விடயத்தைக் கவனிக்கவில்லை. பணம் தருபவருக்குத் திகதி வேண்டும். நான் திட்ட முகாமையாளராக இருக்கிறேன். "இது அஜைல், முடியும்போது முடியும்" என்று வாடிக்கையாளரிடம் சொல்ல முடியாது. மருந்துக் கணக்கு என்றால் இன்னும் கவனம் வேண்டும், காலாவதித் திகதி ஒன்று பிழைத்தால் ஆளின் உயிர் சம்பந்தப்பட்டது. முழுத் தேவையையும் முதலிலேயே எழுதி, கையொப்பம் வாங்கி, பிறகு கட்டுவதுதான் பொறுப்பு.

நம்மூர் வேளாண்மையைப் பாருங்கள். பெரும்போகத்துக்கு முன் பயிர்ச்செய்கைக் கூட்டம் வைத்து, விதைப்பு எப்போது, குளத்துத் தண்ணீர் எப்போது திறப்பது, எப்போது பூட்டுவது என்று திகதி குறிக்கிறார்கள். ஆளுக்கொரு திகதியில் விதைத்தால் ஒரு வட்டையும் உருப்படாது. திட்டம் இல்லாமல் விளைச்சல் இல்லை.

சோதனைக்காரி

மணல்மேடு ஐயா, நல்ல உதாரணம். எங்கட அப்பா சம்மாந்துறைப் பக்கம் வயல் செய்தவர், அதால மிச்சத்தையும் நானே சொல்லுறன். திகதி குறிச்ச உடன, வயலுக்குத் தண்ணி போறதைப் பாக்கிற வட்டவிதானை வீட்டில போய்ப் படுக்கிறதில்ல. வாய்க்கால் நெடுக நடந்து, எங்க உடைஞ்சிருக்கு, கடைசி வயலுக்குத் தண்ணி எட்டுதா எண்டு பாத்துக்கொண்டுதான் இருப்பார். திகதி அசையாது, ஆனா அதுக்குள்ள நடக்கிறது அண்டண்டைக்குத் தீர்மானமாகும். நாங்க கேக்கிறதும் அதுதான். திகதியை வையுங்க, அந்தத் திகதிக்கு எது கட்டாயம், எது பிந்தினாலும் பரவாயில்ல எண்டதைக் கிளையன்டோட இருந்து கதைச்சு வையுங்க. மருந்து எண்டதாலதான் நான் சின்னச் சின்னதா, அடிக்கடி சோதிக்கணும் எண்டுறன். எட்டு மாசம் கழிச்சு மொத்தமா எனக்கிட்ட வந்தா எந்த இடத்தில பிழைச்சது எண்டு ஆரால கண்டுபிடிக்கலாம்?

எங்கட கூத்தைப் பாருங்க. சட்டங்கொடுத்த நாளில, அதாவது ஆடுறவங்களுக்குப் பாட்டைக் குடுத்த நாளில இருந்து அரங்கேற்றம் மட்டும் மாசக் கணக்கில பழகுறாங்க. கூத்துப் பழக்கிற அண்ணாவியார் எல்லாத்தையும் மூடி வெச்சுக் கடைசி இரவில ஊருக்குக் காட்டுறாரா? இடையில, சதங்கை கட்டி ஆடிக் காட்டுற சதங்கை அணி வைக்கிறார். ஊர்ச்சனம் களரியச் சுத்தி வந்து நிக்கும். ஆட்டம் பிசகினா, அந்தக் காலத்தில ஆடின ஒரு பெரியவர் அந்த இடத்திலயே சொல்லுவார். அரங்கேற்றத்துக்கு இன்னும் நாள் கிடக்கு, திருத்தலாம். டெமோ எண்டதுக்கு இதை விட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

ஒலுவில்காரன்

தங்கச்சி, கூத்து உதாரணம் அழகாத்தான் இரிக்கி. ஆனா அங்க ஆடுறவனுக்கு அண்ணாவியார் சம்பளத்தை வெட்டுவாரா? ஒஃபிஸில ஸ்பிரிண்ட் முடியல்ல எண்டா அது ஆளுட மதிப்பீட்டில ஏறுது. எனக்கு ஏறியிருக்கி. டீம் தன்ட பாவனைக்கு வெச்ச பொயின்ட் கணக்கை மேலிடம் எடுத்து ஆளுக்காள் ஒப்பிட்டுச்சு. அடுத்த மாசமே மூணு பொயின்ட் வேலைக்கெல்லாம் எட்டு போடத் தொடங்கினம். எண் ஏறிச்சு, வேலை ஏறல்ல. ஸ்டோரி பொயின்டைத் தொடங்கினது தானா இருக்கலாம், அப்பிடி எண்டா அதுக்கு வருந்துறன் எண்ட கருத்தில ஜெஃப்ரிஸே எழுதியிருக்கார். அதிகாரம் ஒரு பக்கம் மட்டும் இரிக்கிற இடத்தில எந்த முறையும் சாட்டைதான்.

புதுசு_வாழைச்சேனை

இதுவரை வாசிக்க மட்டும்தான் வந்தேன், முதல்தரம் எழுதுகிறேன். நான் வேறு இடத்தில் வேலை செய்கிறேன். ரெட்ரோவில் "எல்லாம் ஓகே" சொல்லும் ஆள் நான்தான்.

சேர்ந்த புதிதில் ஒரு வேலைக்கு ஐந்து நாள் வேண்டும் என்றேன். லீட் அண்ணா ஏசவில்லை. சிரித்துக்கொண்டு, "மூன்று நாள் காணும்தானே?" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஓம் என்றேன். பிறகு இரண்டு இரவு வீட்டில் இருந்து செய்து முடித்தேன், அம்மா லைட்டை நூத்துவிட்டுப் படு என்று சொல்லிக்கொண்டே இருந்தா. மூன்றாம் நாள் முடிந்தது என்று எல்லாரும் கைதட்டினார்கள். அன்றிலிருந்து என்னுடைய எல்லா வேலையும் மூன்று நாள்.

எங்கள் கூட்டமும் ஒன்பதுக்குத்தான். என் பஸ் மட்டக்களப்புக்கு வரவே ஒன்பதேகால் ஆகும். நான் உள்ளே வரும்போது எல்லாரும் நிற்பார்கள், என் டிக்கட்டை யாரோ சொல்லி முடித்திருப்பார்கள். டெமோவும் இதே போல வெள்ளி பகல்தான். எங்களோடு வேலை செய்யும் இரண்டு நானாமார் ஜும்மாவுக்குப் போய்விடுவார்கள். அவர்கள் செய்ததை வேறொருவர் காட்டுவார், கேள்வி வந்தால் பதில் இருக்காது. இதை ரெட்ரோவில் சொல்லலாம்தான். லீட் அண்ணா முன்னால் இருக்கும்போது எப்படிச் சொல்வது?

சோதனைக்காரி

தங்கச்சி, எழுதினதுக்கு நன்றி. எமி எட்மண்ட்சன் எண்ட ஆராய்ச்சியாளர் 1990கள்ல ஆஸ்பத்திரி டீம்களில மருந்துப் பிழைகளை ஆராயப் போனவ. நல்லா ஒத்து வேலை செய்யிற டீமில பிழை குறைவா இருக்கும் எண்டு எதிர்பாத்தா. பதிவாகியிருந்த பிழை அங்கதான் கூட. ஏனெண்டு தேடிப் போகக்குள்ளதான் விளங்கிச்சு: அந்த டீம்களில பிழையை வெளிய சொல்லலாம், மத்த இடங்களில மறைக்கிறாங்க. வாவிக்கரைத் தம்பி, உங்கட ரெட்ரோவில வாற "எல்லாம் ஓகே" எனக்குப் பயத்தைத் தருது.

வாவிக்கரையான்

ரெண்டு நாளா எழுதல்ல, மன்னிக்கணும். வாழைச்சேனைத் தங்கச்சி எழுதினதை வாசிச்ச உடன போனை வெச்சிட்டன். "காணும்தானே" எண்டு நானும் கேக்கிறவன். அது நெருக்கம் எண்டு நினைச்சுத்தான் கேட்டன், ஒரு நாளும் அதை வற்புறுத்தல் எண்டு யோசிச்சதே இல்ல. போகப்போற பிள்ளையக் கூப்பிட்டுத் தனியக் கதைச்சன். முதல்ல "சம்பளம் அண்ணா" எண்டா. மறுகா கனநேரம் பேசாம இருந்திட்டு, "நான் முடியாது எண்டு சொன்னா நீங்க கேக்க மாட்டீங்க" எண்டா.

நேத்துப் பின்னேரம் போர்டில எண்ணிப் பாத்தன். எட்டுப் பேருக்கு 24 டிக்கட் திறந்து கிடக்கு. ஏழு மாசக் கணக்கை எடுத்தா கிழமைக்கு ஆறுதான் முடியுது. நானா சொன்ன மாதிரி வகுத்தா நாலு கிழமை. எங்கட ஸ்பிரிண்ட் ரெண்டு கிழமை. இது முடியாது எண்டு முதல் நாளே கணக்கில எழுதியிருந்திருக்கு. நான் பிள்ளைகளைத் துரத்திக்கொண்டு இருந்திருக்கிறன்.

ஒலுவில்காரன்

இதை எழுத மனசு வேணும் தம்பி. ஸ்பிரிண்டைப் பத்தி என்ட கருத்து மாறல்ல. ஆனா நீங்க லீட்டா இரிக்கிற இடத்தில நான் வேலை செய்ய விரும்புவன்.

மணல்மேடு

அந்த 24இல் கிளையன்ட் நிர்ப்பந்தித்துத் திறக்க வைத்தவை எத்தனை? அதைப் பிரித்துப் பாருங்கள். அவரிடம் "இதைத் திறந்தால் எதை மூடுவது?" என்று கேட்பது உங்கள் வேலை, பிள்ளைகளின் வேலை அல்ல.

வாவிக்கரையான்

பதினொண்டு, ஐயா. அவர் கேட்டார், நான் ஓம் எண்டன்.

திங்கள் தொடங்கி: கூட்டம் பத்து மணிக்கு, டிக்கட்டைப் பாத்து, நான் பின்னால. டெமோ வியாழன் பின்னேரம் மூண்டுக்கு, இங்கிலாந்தில அப்ப காலம பத்தரை, கிளையன்ட் சம்மதிச்சிட்டார். செய்த ஆளே காட்டும். ரெட்ரோவை ரெண்டு தரம் நான் இல்லாம நடத்தச் சொல்லியிருக்கிறன், அதில வாறதை எனக்கு ஆர் சொன்னது எண்டு இல்லாமத் தந்தாக் காணும். புதுசா ஒண்டும் திறக்கிறதில்ல, 24ஐ 12 ஆக்கிற மட்டும். ஸ்பிரிண்டை இப்போதைக்கு விடல்ல, டெமோ நாள் ஒண்டு குறிச்சிருக்கிறது எங்களுக்கு உதவுது.

ஒலுவில் நானா, ஒரு கேள்வி. வரம்பை ஆளுக்கு ரெண்டு எண்டு வைக்கிறதா, போர்டில ஒவ்வொரு நிரலுக்கும் வைக்கிறதா?

ஒலுவில்காரன்

நிரலுக்கு வைங்க. ஆளுக்கு வெச்சா அவனவன் தன்ட ரெண்டையும் பாத்துக்கொண்டு இரிப்பான். டெஸ்டிங் நிரலுக்கு மூணு போடுங்க. அது நிரம்பினா புதுசா கோட் எழுதுறதை நிப்பாட்டி, எல்லாரும் போய் டெஸ்ட் பண்ணுறது. முதல் கிழமை எல்லாருக்கும் எரிச்சல் வரும், கையை விட்டிராதீங்க.