புதுப்பிப்பு: ஆலிவ் மரத்தைக் கறுக்கச் செய்த பூச்சி

ஆலிவ் இலைகள் கறுத்துப் பிசுபிசுக்கின்றன என்று முன்பு எழுதியிருந்தேன். காரணம் கறுப்புச் செதில் பூச்சி; செதில் போல ஒட்டிக்கொண்டு மரத்தின் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சி அது. லென்ஸில் பார்த்தால் முதுகில் ‘எச்’ எழுத்தைப் போன்ற மேடு தெரிகிறது. அது கழிக்கும் இனிப்புத் திரவத்தில்தான் கரும்பூசணம் படர்கிறது. பூசணக்கொல்லி மட்டும் தெளிப்பது வீண்செலவு.

முதலில் எறும்பைத் தடுங்கள். அந்த இனிப்புக்காக அவை பூச்சிகளுக்குக் காவல் நின்று, அவற்றின் உடலில் முட்டையிட்டு அவற்றைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவிகளை விரட்டிவிடுகின்றன. தண்டில் துணிப்பட்டை சுற்றி, அதன்மேல் பசை தடவினேன். எறும்பு வரிசை அறுந்தது. அடர்ந்த உட்கிளைகளையும் கழித்துவிட்டேன். வெயிலும் காற்றும் புகுந்தால் குஞ்சுகள் காய்ந்து சாகும். தோட்டக்கலை எண்ணெயை (பூச்சிகளை மூச்சடைத்துக் கொல்லும் தெளிப்பெண்ணெய்) குஞ்சுகள் ஊரும் பருவத்தில், இலையின் அடிப்புறம் நனையத் தெளிக்க வேண்டும். முதிர்ந்த பூச்சிகளிடம் அது அவ்வளவாக எடுபடாது.

இப்போது சில செதில் பூச்சிகளின் மேல் குளவி வெளியேறிய வட்டத் துளைகள் தெரிகின்றன. மிகவும் மகிழ்ச்சியாக இருக்கிறது!