சூப்பர்மேன் கொல்லலாமா? ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ முடிவு குறித்து

பழைய இதழ்:
2013இல் வந்த அந்தப் படத்தின் கடைசிச் சண்டையை மறுபடி பார்த்தேன். ரயில் நிலையத்தில் ஒரு குடும்பத்தை வில்லன் ஸாட் தன் கண்களின் வெப்பக் கதிரால் எரிக்கப் பார்க்கிறான். சூப்பர்மேன் அவன் கழுத்தை முறித்துவிடுகிறான். எந்தச் சிக்கலிலும் மூன்றாவதாக ஒரு வழியைக் கண்டுபிடிப்பவன் என்பதால்தானே அவனை நேசித்தோம்?

செவ்வங்கி:
வழியே இல்லாத இடத்தில் என்ன செய்வான் என்று கேட்பதுதான் நல்ல கதை. அவன் கொன்றதே இல்லை என்பதும் சரியல்ல. 1988இல் ஜான் பைர்ன் எழுதி வரைந்த ‘சூப்பர்மேன்’ படக்கதையின் 22ஆம் இதழை எடுத்துப் பாருங்கள். வேறொரு பிரபஞ்சத்தின் பூமியைச் சுடுகாடாக்கிய ஸாட் உள்ளிட்ட மூவரை, அவன் இனத்தாரின் உயிரைப் பறிக்கும் பச்சைக் கிரிப்டோனைட் கல்லால் அவனே கொல்கிறான். அப்போது அவர்கள் சக்தி பறிக்கப்பட்ட கைதிகள். படத்திலாவது கண்முன்னே ஒரு குடும்பம் சாகப் போகிறது. எது மன்னிக்கத்தக்கது?

பழைய இதழ்:
அந்த இதழே எனக்குச் சாட்சி. கொன்றபின் என்ன ஆனது? குற்ற உணர்ச்சியில் அவன் மனமே பிளவுபடுகிறது. தன்னையறியாமல் வேறொரு வேடத்தில் இரவுகளில் அலைகிறான். கடைசியில், தன்னால் மனிதர்களுக்கு ஆபத்து வந்துவிடுமோ என்று அஞ்சிப் பூமியை விட்டே போய்விடுகிறான். 1989 வரை நீண்ட வலி அது. படத்தில்? ஓர் அலறல், காதலி லோயிஸின் அணைப்பு. அடுத்த காட்சியிலேயே ராணுவ ட்ரோனைத் தளபதியின் முன் வீழ்த்திவிட்டுச் சாவகாசமாகப் பேசுகிறான். அதற்கு என்னால் உடன்பட முடியவில்லை.

தொலைக்காட்சிக் காலம்:
தொலைக்காட்சியில் சூப்பர்மேனாக நடித்த ஜார்ஜ் ரீவ்ஸை இருவருமே மறந்துவிட்டீர்கள். 1952இல் தொடங்கிய தொடரின் முதல் பருவத்தில், அவனுடைய ரகசியத்தை அறிந்துகொண்ட இரண்டு குற்றவாளிகளைப் பனிமலை உச்சியில் கொண்டுபோய் விடுகிறான். தப்பி இறங்க முயன்று இருவரும் விழுந்து சாகிறார்கள். குழந்தைகள் பார்த்த தொடர் அது!

செவ்வங்கி:
அப்படிச் சொல்லுங்கள். ‘சூப்பர்மேன் 2’ படத்திலும் சக்தி இழந்த ஸாட்டின் கையை நசுக்கிப் பனிப் பள்ளத்தில் விழும்படி எறிகிறான். அதில் சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவின் புன்னகைக்கு முன்னால் அந்த மரணம் யார் கண்ணிலும் உறுத்தவில்லை. ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ நாயகன் ஹென்றி கேவில் கதறி அழுததும்தான் எல்லோரும் கோபப்படுகிறார்கள். அழுதது குற்றமா?

பழைய இதழ்:
அழுததைக் குறை சொல்லவில்லை, அதோடு மறந்துபோனதைத்தான் சொல்கிறேன். ‘சூப்பர்மேன் 2’ காட்சியும் எனக்குப் பிடிக்காது; மலையுச்சிக் கதையும் அப்படித்தான். ஆனால் 1938க்குப் போங்கள். ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் படைத்த முதல் கதையில் அவன் செய்யும் முதல் காரியம் என்ன? செய்யாத கொலைக்காக மரண தண்டனை பெற்ற ஒரு பெண்ணைக் காப்பாற்றுகிறான். ஆளுநர் வீட்டின் எஃகுக் கதவைப் பிய்த்தெறிந்து, உண்மையான கொலைகாரியின் வாக்குமூலத்தை அவர் கையில் திணிக்கிறான்.

செவ்வங்கி:
அதே கதையில் ஓர் அரசியல் தரகனைத் தூக்கிக்கொண்டு தொலைபேசிக் கம்பிகள்மேல் ஓடி, உயிர் போகும் அளவுக்கு மிரட்டுகிறானே. அவன் சாதுவாகப் பிறந்தவனல்ல.

பழைய இதழ்:
சாது என்று நான் சொல்லவே இல்லை. அந்தத் தரகன் அடுத்த இதழில் தன்னை ஏவிய ஆயுத வியாபாரியின் பெயரைச் சொல்கிறான். அந்த வியாபாரியை சூப்பர்மேன் என்ன செய்கிறான் தெரியுமா? ராணுவத்தில் சேர வைத்து, போர்முனையில் குண்டுகளுக்கு நடுவே நிற்க வைக்கிறான், இனி ஆயுதம் தயாரிக்க மாட்டேன் என்று அந்த ஆள் கெஞ்சும்வரை. பறக்கக்கூடத் தெரியாத சூப்பர்மேன் அவன். தாவ மட்டுமே முடியும். அவனுக்கே அப்படியொரு வழி தோன்றியது.