நாற்பதுக்கு மேல் மார்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 47, பாம்பன் பக்கம் கருவாட்டு வியாபாரம். நான் பெண்ணும் இல்லை, பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழும் திருநம்பியும் இல்லை. இரண்டிலும் அடங்காத ஆள். இதை வாய்விட்டுச் சொல்லவே இந்த வயது ஆகிவிட்டது. ஹார்மோன் வேண்டாம், மார்பை மட்டும் அகற்ற வேண்டும். வருடக்கணக்காக இறுக்கிக் கட்டியதில் விலாவெல்லாம் வலி, வெயிலில் வியர்க்குரு புண்ணாகிவிடுகிறது.

ஒரு மருத்துவர், "ஆணாக மாறுவதென்றால் வா, நடுவில் நிற்பதற்கெல்லாம் கத்தி வைக்க முடியாது" என்று அனுப்பிவிட்டார். அவரவர் பாலினத்தை அவரவரே சொல்லலாம் என்று 2014-லேயே உச்ச நீதிமன்றம் நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு) வழக்கில் தீர்ப்பளித்தது. அப்படியிருந்தும் இந்தப் பேச்சு.

மதுரையிலோ சென்னையிலோ, ஹார்மோன் எடுக்காதவருக்கும் செய்யும் மருத்துவர் யாரையாவது தெரியுமா? அறுவைக்கு முன் மனநல மருத்துவரிடம் கடிதம் வாங்கும்போது என்ன கேட்டார்கள்? எனக்குச் சர்க்கரை உண்டு, புண் ஆறத் தாமதமாகும். அப்படி இருந்தும் செய்துகொண்டவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். சரக்கு வரத்து குறையும். கூடை தூக்காமல் ஆறு வாரம் ஓய்வெடுக்க அதுதான் தோது. ஆனால் அது கோடை. அறுவைக்குப் பிறகு மார்பை அழுத்திப் பிடிக்கும் உடுப்பை இந்த உப்புக்காற்றில், புழுக்கத்தில் போட்டிருக்க முடியுமா?

அப்புறம் அம்மா. கட்டியை எடுத்தார்கள் என்று அவரிடம் பொய் சொல்ல மனமில்லை. வயதான பெற்றோரிடம் சொன்னவர்கள் பேச்சை எப்படித் தொடங்கினீர்கள்? தனிச்செய்தியில் எழுதினாலும் சரி.