குழும விவாதம்: 'யூனிகமரல்' – ஓரவையா, ஒருமன்றமா, ஒருசபையா?

வெள்ளவத்தை, மொழிபெயர்ப்பாளர்:
அன்புள்ள நண்பர்களே, பாடசாலை மாணவர்களுக்கான பாராளுமன்றக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். சட்டமூலம், குழுநிலை, நிலையியற் கட்டளைகள், படைக்கலச் சேவிதர் எல்லாம் எப்போதோ நிலைத்துவிட்ட சொற்கள், அவற்றில் தொல்லையில்லை. 'யூனிகமரல்' (unicameral, அதாவது சட்டமியற்ற ஒரே சபை மட்டும் இருக்கும் முறை) என்பதற்குத்தான் மனம் ஒப்பும் சொல் அகப்படவில்லை. தமிழ்நாட்டு வழக்கைப் பின்பற்றி 'ஓரவை' என்று இட்டிருக்கிறேன். எங்கள் பிள்ளைகளுக்கு விளங்குமா?

கொட்டாஞ்சேனை, ஆசிரியை:
விளங்காது ஐயா. 'அவை' என்றதும் அவர்களுக்கு நினைவு வருவது அஃறிணைப் பன்மைச் சுட்டு. 'ஓரவை' என்று வாய்விட்டு வாசித்தால் ஓரவஞ்சனை என்று காதில் விழுகிறது. சபாநாயகர், சபை முதல்வர், சபை ஒத்திவைப்பு என்று செய்தியில் நாள்தோறும் கேட்கிறார்கள். 'ஒருசபை' என்று எழுதிவிடுங்கள். வடசொல் என்று தடுப்பவர்கள் முதலில் சபாநாயகருக்கு மாற்றுச் சொல் தரட்டும்.

பருத்தித்துறை, ஓய்வுபெற்ற விரிவுரையாளர்:
வடசொல் என்பதை விட்டுவிடுவோம் அம்மா. மாகாண சபை, மாநகர சபை, பிரதேச சபை என்று நாடு முழுவதும் சபைகள். மாகாண சபைகள் மட்டுமே ஒன்பது. 'இலங்கையில் இருப்பது ஒருசபை முறை' என்று படிக்கும் பிள்ளை மற்றச் சபைகளை எங்கே வைக்கும்? 'அவை'யும் சபையின் திரிபே என்று சொல்வோர் உண்டு. ஐயத்துக்கு இடமில்லாத சொல் 'மன்றம்'. சிலப்பதிகாரத்தில் புகார் நகரின் ஐந்து மன்றங்களைப் பாருங்கள். வெள்ளிடை மன்றத்தில் களவு செய்தவன் தலைச்சுமையோடு சுற்றித் திரிய நேரும். அரசன் முறை தவறினால் பாவை மன்றத்துப் பாவை கண்ணீர் சொரியும். ஆள்பவனின் தவறு வெளிப்படும் இடத்துக்கு முன்னோர் இட்ட பெயர் அது. 'ஒருமன்றம்' என்பதே என் முடிவு.

சென்னை:
பாவை மன்றம் எனக்கும் உவப்பானது ஐயா. ஆனால் 'ஒருமன்றப் பாராளுமன்றம்' என்று எழுதிப் பாருங்கள், மன்றம் இருமுறை வருகிறது. நீதிமன்றக் குழப்பமும் சேரும். 'அவை' திரிபு என்பதை நான் ஏற்கவில்லை. குறளில் அவையறிதல், அவையஞ்சாமை என இரண்டு அதிகாரங்களே இருக்கின்றன. 1986இல் சட்ட மேலவை நீக்கப்பட்ட பிறகு எங்கள் மாநிலத்தில் இருப்பதும் ஓரவைதான். சுட்டுப்பெயர் என்று தோன்றாமலிருக்க 'ஒற்றையவை' எனலாமே?

மருதானை, சட்டத்தரணி:
'ஒற்றை' மட்டும் வேண்டவே வேண்டாம். அரசியலமைப்பின் 2ஆம் உறுப்புரை சொல்லும் 'ஒற்றையாட்சி' இந்த நாட்டில் எத்தனை வலியைச் சுமக்கிற சொல் என்பது உங்களுக்குத் தெரியும். புதிய அரசியலமைப்புக்கான 2017 இடைக்கால அறிக்கையில் நாட்டின் தன்மையைக் குறிக்க வந்த 'ஏக்கிய இராச்சிய' என்ற சிங்களத் தொடர், 'ஒருமித்த நாடு' என்ற தமிழ்த் தொடர் ஆகிய இரண்டுக்காகவும் எவ்வளவு சண்டை! ஒற்றையாட்சிக்கும் அவைகளின் எண்ணிக்கைக்கும் தொடர்பே இல்லை. பிரித்தானியா ஒற்றையாட்சி நாடு, ஆனால் இரண்டு அவைகள். மைக்ரோனீசியா கூட்டாட்சி நாடு, ஒரே அவை. கூட்டாட்சி இல்லாத இலங்கையிலும் 1947 முதல் 1971 வரை 30 பேர் கொண்ட செனட் சபை இரண்டாம் அவையாக இருந்தது.

சொல்லைவிடக் கையேட்டின் விளக்கம் முக்கியம். 225 பேர், அவர்களில் 196 பேர் மாவட்டங்களிலிருந்து, 29 பேர் தேசியப் பட்டியலிலிருந்து, கூட்டநடப்பெண் (கூட்டம் நடக்க வேண்டிய குறைந்தபட்ச வருகை) 20 என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். இரண்டாம் அவை இல்லாத நாட்டில் சட்டமூலத்தை நின்று நிதானித்துப் பார்ப்பது யார்? பாராளுமன்றத்தின் துறைசார் மேற்பார்வைக் குழுவும், சட்டமூலத்தைப் பிரிவு பிரிவாக ஆராயும் குழுநிலையும் ஓரளவு பார்க்கின்றன. அரசியலமைப்புக்கு முரணா என்று குடிமகன் உயர் நீதிமன்றத்தைக் கேட்கலாம், ஆனால் நிறைவேறுவதற்கு முன்னர் மட்டுமே. சட்டமூலம் நிறைவேறியது என்று சபாநாயகர் சான்றுரை எழுதிய பிறகு அந்தச் சட்டத்தின் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் கேள்விக்குட்படுத்த முடியாது. திரும்பிப் பார்க்க இன்னோர் அவையும் இல்லை. இது பிள்ளைகளுக்குக் கட்டாயம் தெரிய வேண்டும். (சென்னை நண்பர் கவனிக்க: எங்கள் உயர் நீதிமன்றம்தான் உங்கள் உச்ச நீதிமன்றம்.)

ஒஸ்லோ:
இங்கேயிருந்து ஒரு சான்று. நோர்வேயில் 2009 வரை மக்கள் ஒரே பாராளுமன்றத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். சட்டமியற்றும்போது மட்டும் அதன் உறுப்பினர்கள் இரண்டு பிரிவாக அமர்ந்தார்கள். மன்றம் ஒன்று, அவை இரண்டு! முழு அமைப்புக்கு மன்றம், அதன் பிரிவுக்கு அவை என்று வகுத்துக்கொண்டால் 'ஓரவைப் பாராளுமன்றம்' சரியாகவே பொருந்துகிறது.

வெள்ளவத்தை, மொழிபெயர்ப்பாளர்:
ஒஸ்லோ நண்பரின் பகுப்பு எனக்கு நிறைவளிக்கிறது. நான்கு பேர் 'ஓரவை' பக்கம் வந்துவிட்டதால் அதையே அனுப்புகிறேன். முதல் முறை வரும் இடத்தில் 'சட்டமியற்றும் பணி முழுவதையும் ஒரே சபை செய்யும் முறை' என்ற விளக்கமும் இருக்கும். சான்றுரை பற்றிய பத்தியைச் சட்டத்தரணி சொன்னபடியே விரித்துவிட்டேன்.

கொட்டாஞ்சேனை, ஆசிரியை:
விளக்கத்திலாவது சபை வந்ததே, நல்லது. வகுப்பில் நான் 'ஒருசபை' என்றுதான் சொல்லிக் கொடுப்பேன். பரீட்சையில் பிள்ளைகள் இரண்டில் எதை எழுதினாலும் புள்ளி கொடுப்பேன்.

பருத்தித்துறை, ஓய்வுபெற்ற விரிவுரையாளர்:
பெரும்பான்மைக்கு வழிவிடுகிறேன், உடன்படவில்லை. நோர்வேயின் விதிவிலக்கை வைத்துத் தமிழுக்கு இலக்கணம் வகுப்பது முறையன்று. மக்கள் கூடும் பொது இடத்தைக் குறிக்கும் 'பொதியில்', 'அம்பலம்' என்ற இரண்டு பழஞ்சொற்களை ஒருவரும் தொடவேயில்லை. அவற்றைப் பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.