மருந்து போட்டால் எண்ணெய் போகும், உப்பு?

எல்லோருக்கும் வணக்கம்.

குழாய் உடைந்து எண்ணெய்த் தண்ணீர் பாய்ந்த வயலைப் பற்றிப் போன வாரம் வந்த மடல்களைப் படித்தேன். "கெமிக்கல் போட்டுக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டார்களாம், வாய்க்காலில் விடலாமாம்" என்று மாமா எழுதியிருந்தார். ஓமானில் 11 வருடமாக எண்ணெய்க் கிணற்றுத் தண்ணீரைத் தெளியவைப்பதுதான் எனக்கு வேலை, அதனால் எழுதுகிறேன்.

கச்சா எண்ணெய் தனியாக வராது, நிலத்தடி உப்புநீரோடுதான் வரும். தெற்கு ஓமானில் நிம்ர் என்ற இடத்தில் ஒரு பீப்பாய் எண்ணெய்க்குச் சுமார் 10 பீப்பாய் தண்ணீர். பெரிய துளிகள் தானே மிதக்கும், வழித்துவிடலாம். தொல்லையெல்லாம் மோர் மாதிரி கலந்து நிற்கும் பொடித் துளிகளால்தான். எல்லாவற்றின் மேலும் எதிர்மின்னேற்றம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே நிற்கும். ஃபெரிக் குளோரைடு, பாலி அலுமினியம் குளோரைடு மாதிரி மருந்து போட்டால் அந்த மின்னேற்றம் அடங்கித் துளிகள் ஒட்டும். அப்புறம் பாலிமர் ஊற்றி மெதுவாகக் கலக்கினால் திரளும். அடியிலிருந்து பொடிக் காற்றுக் குமிழி விட்டால் மேலே ஏறிவிடும். நம் அப்பாயிகள் குடத்துக்குள் தேத்தாங்கொட்டை உரசியதும் ஏறக்குறைய இந்த வித்தைதான்.

அளவு தப்பினால் கதை கெட்டது. மருந்து கூடினால் எதிர்மின்னேற்றம் நேர்மின்னேற்றமாக மாறி, தெளிந்த தண்ணீர் திரும்பக் கலங்கும். ஆறு குடுவையில் ஆறு அளவு போட்டுப் பார்க்காமல் நாங்கள் வால்வைத் தொடுவதில்லை. உப்பு மிகுந்தால் இன்னொரு வம்பு: நீளமாக விரிய வேண்டிய பாலிமர் இழை சுருண்டுகொள்ளும். நல்ல தண்ணீரில் வேலை செய்த அளவு உப்புத் தண்ணீரில் வேலை செய்யாது.

இத்தனை செய்தும் போவது எண்ணெய்தான். உப்பு அப்படியே இருக்கும். ஃபெரிக் குளோரைடு போட்டால் குளோரைடு கொஞ்சம் கூடவே செய்யும். நிம்ரில் நாணல் பாத்திகள் வழியாக விட்டு, கடைசியில் குளங்களில் ஆவியாக விடுகிறார்கள். அந்தத் தண்ணீரில் கடல்நீரின் ஐந்தில் ஒரு பங்கு உப்புதான். அதையே நெல்லுக்குக் காட்ட முடியாது. மண்ணின் ஈ.சி. (உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்தும் அளவு) மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸ் தாண்டினாலே நெல் விளைச்சல் இறங்கும்.

அதனால் மாமா, எண்ணெய் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழே என்ற காகிதத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு), குளோரைடு, சோடியம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். உடைப்புக்குப் பக்கத்தில் ஒரு பிடி, எட்டத்தில் ஒரு பிடி மண் எடுத்து மண் பரிசோதனைக்கு அனுப்புங்கள். முடிவு வந்ததும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.