கோர்ட் வராண்டாவுல நடந்தது: போக்சோ கேஸ்ல (குழந்தைகள் மேல நடக்கிற பாலியல் குற்ற வழக்கு) சப்போர்ட் பெர்சனா, அதாவது குழந்தைக்குத் துணையாப் போனவங்க எழுதுங்க

வேப்பம்பூ:
குழந்தைகள் நலக் குழு எனக்குக் கொடுத்த மூணாவது கேஸ். பாப்பாவுக்கு 9 வயசு. எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவன், சொந்தச் சித்தப்பா, ஜாமீன்ல இருந்தான். மத்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். சாட்சி அன்னிக்கு உள்ளே திரையெல்லாம் கட்டியாச்சு, ஆனா 12 மணி வரைக்கும் கூப்பிடல. வராண்டா பெஞ்சுல ரெண்டு பேரும் புள்ளி வச்சு கட்டம் கட்டிட்டிருந்தோம். அவன் வக்கீலோட படியேறி வந்தான். பாப்பா பென்சிலைக் கீழ வச்சுட்டு எழுந்து நின்னுச்சு. ஓடப் போகுதுன்னு கையைப் பிடிச்சேன். ஓடல. பெரியவங்க வந்தா எழுந்திருக்கணும்னு வீட்டுல பழக்கியிருக்காங்க, அவ்வளவுதான். அவன் கடந்து போனதும் உட்கார்ந்து, "நீங்க போடுங்கக்கா"ன்னுச்சு. சாட்சி தெளிவாத்தான் சொல்லுச்சு. அது எழுந்து நின்னதுதான் எனக்கு இன்னும் போக மாட்டேங்குது.

ஓய்வு_வாத்தியார்:
என் கேஸ்ல பையன் ஜட்ஜம்மா பேரைக் கேட்டான், அவங்களும் சிரிச்சுட்டே சொன்னாங்க. அதோட சரி. ஆனா ஏம்மா, வராண்டாவுல உட்கார வச்சது உங்க தப்பு. எதிரி குழந்தை கண்ணுல படக்கூடாதுன்னு போக்சோ சட்டத்துல 36-வது பிரிவே இருக்கு. முந்தின நாளே கோர்ட்டைக் கூட்டிட்டுப் போய்க் காட்டணும். எத்தனை மணிக்குக் கூப்பிடுவாங்கன்னு அரசு வக்கீல்கிட்ட கேட்டு வச்சுக்கணும். குழந்தைகிட்ட நேரா கேள்வி கேட்க விடாதீங்க, 33(2)-படி ரெண்டு தரப்பும் நீதிபதி வழியாத்தான் கேட்கணும். திரும்பத் திரும்ப வரவழைக்கவும் கூடாது. மாத்துத் துணி, தண்ணி பாட்டில் கையோட இருக்கட்டும். முக்கியமா, கேஸைப் பத்தி வாயே திறக்காதீங்க. சொல்லிக் கொடுத்துக் கூட்டிட்டு வந்தீங்கன்னு குறுக்கு விசாரணையில பிடிச்சுக்குவாங்க.

காட்டுப்பூனை:
சார், அந்த 36-வது பிரிவு சாட்சி பதிவாகிற நேரத்துக்கு மட்டும்தான். வராண்டாவுக்கும் டீக்கடைக்கும் யார் திரை கட்டுறது? நாங்க போன இடத்துல குழந்தைகளுக்குன்னு தனி ரூம் இருந்துச்சு, சுவர்ல முயல் படம்கூட வரைஞ்சிருந்தாங்க. உள்ளே பூரா ஃபைல் கட்டு. ரெண்டு கட்டை இழுத்துப் போட்டு அது மேல உட்கார்ந்தோம். சப்போர்ட் பெர்சன் கட்டாயம்னு 2023-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. உட்கார இடம்தான் இல்ல.

வேப்பம்பூ:
முந்தின நாளே கூட்டிட்டுப் போனேன் சார். படியெல்லாம் எண்ணி வச்சிருந்துச்சு, 22. அடுத்த வாரம் தீர்ப்பு. பாப்பாவையும் கூட்டிட்டு வரவான்னு அவங்கம்மா கேட்கிறாங்க. இன்னும் பதில் சொல்லல.